பக்கத்து இருக்கை பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்பவரின் காலுக்கு. மற்றது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலுக்கு. முதலாவது வண்டியை நிறுத்துவதற்கு, இரண்டாவது பயத்தை நிறுத்துவதற்கு. வண்டி நிற்கும், பயம் ஒருநாளும் நின்றதில்லை. அதற்கு நம்முடைய மாஸ்டரே சாட்சி.

நேரில் அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர். மீசை சரியாக முளைக்காத வயதில் வேன் கழுவப் போனவர், லைசென்ஸ் எடுத்து, கொஞ்ச காலம் பால் வண்டி ஓட்டி, பிறகு இந்த டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வலது கால் எந்நேரமும் பிரேக்குக்கு ஒரு விரல் உயரத்தில், மீனைப் பார்த்துவிட்ட கொக்கு மாதிரி காத்திருக்கும். வேலை முடிந்தாலும் கால் வீட்டுக்குப் போகாது. சினிமாவில் கார் வேகமாகத் திரும்பினால் முன் வரிசைக்காரரின் முதுகில் உதை விழும். பஸ்ஸில் போனால் டிரைவர் ஒரு தடவை பிரேக் போடும் இடத்தில் இவர் நாலு தடவை போட்டிருப்பார். வலது செருப்புதான் எப்போதும் முதலில் தேயும். ‘ஒத்தைச் செருப்பு விக்கிற கடை ஒண்ணு கண்டுபிடிங்க’ என்று செருப்புத் தைப்பவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்.

ஏதோ கோரமான விபத்தைக் கண்ணால் பார்த்த மனிதர், அதனால்தான் இப்படி என்று புதிதாகச் சேருபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்படி எதுவும் கிடையாது. அவர் உட்கார்ந்த காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. சிக்கலே அதுதான். ஒரு விபத்தும் நடக்காதவருக்கு எல்லா விபத்தும் பாக்கி இருக்கிறது.

இந்த மாஸ்டரிடம் கற்றவர்கள் டெஸ்ட்டில் தோற்றதே இல்லை என்று முதலாளி வாசலில் போர்டு எழுதி வைத்திருந்தார். அதில் பொய் இல்லை. டெஸ்ட்டுக்குப் போனால்தானே தோற்பதற்கு? ‘இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்’ என்பது மாஸ்டர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருவர் சைக்கிள் வாங்கிவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு அப்படி ஒரு மகள்.

வீட்டில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்பு மாதிரிதான் சொல்வாள். வாசிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பின் இருக்கையில் உட்கார்ந்து கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே வாசிக்க ஆரம்பித்தாள். காரில் ஓடிய தூரம் காட்டும் பழைய கால மீட்டர். எண்கள் சக்கரம் சக்கரமாக உருளும். அதைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு நாள் ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாகப் புரண்டு பூஜ்யமானதும், ‘ஒன்பது நிறைஞ்சா பக்கத்து வீட்டுக்கு ஒண்ணு குடுத்துடுது’ என்றாள். மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மகிழ்ச்சிக்கும் கூச்செறியும், பயத்துக்கும் கூச்செறியும். அவருக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது.

ஏனென்றால் அதே ஜட்ஜம்மாவுக்குச் செருப்பு வார் மாட்டத் தெரியாது. குளியலறைத் தாழ்ப்பாளைக் கண்டால் பயம். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள். பூங்காவில் சறுக்குமரத்துக்கு வரிசை தாண்டி வந்த ஒரு பெரிய பையனிடம் போய், வரிசை என்றால் என்ன, அது எதற்காக ஏற்பட்டது என்று நிதானமாக விளக்கினாள். அவன் கேட்டு முடித்துவிட்டுத் தள்ளிவிட்டான். முழங்கையில் ரத்தம். அவளுக்கு அழுகை வந்தது வலியால் அல்ல. ‘நான் சொன்னது சரிதானேப்பா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.  

பள்ளியில் சேர ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜட்ஜம்மா பிறந்தது சரியாக அந்தத் தேதியில், நாள் முடியப் போகிற வேளையில். பிரசவ வலியோடு மனைவியைக் காரில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத சாலையில்கூட ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, ஒவ்வொரு முனையிலும் ஹாரன் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் மாஸ்டர். ‘இன்னும் ரெண்டு சிக்னல்ல நின்னிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை. அன்னிக்குன்னு பாத்து அவசரப்பட்டுட்டீங்க’ என்பாள் மனைவி.

தலைமையாசிரியை நல்லவர். அதுதான் வினையாகப் போயிற்று. குழந்தையோடு கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, அறிவைப் பார்த்தால் இரண்டாம் வகுப்பில்கூட உட்காரலாம், மற்றதைப் பார்த்தால் ஒரு வருடம் வீட்டில் இருக்கலாம், இரண்டுமே தப்பில்லை, வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்றார். கண்டிப்பாக முடியாது என்று சொல்லியிருந்தால் மாஸ்டர் பாட்டுக்கு அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். முடிவை இவர் கையில் கொடுத்துவிட்டதால் திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் போயிற்று.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. சாயங்கால ஷிஃப்ட். பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம். சேர்த்துவிடலாம் என்பது அவள் கட்சி. வீட்டில் இன்னொரு வருடம் உட்கார்ந்தால் இந்தப் பெண் சுவரைச் சுரண்டித் தின்றுவிடும், ஏற்கெனவே கடிகாரத்தைக் கழற்றிவிட்டது, அடுத்தது நாம்தான் என்றாள். மாஸ்டர் தள்ளிப்போடலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார், அதுவும் வலது காலில். வகுப்பிலேயே சின்னவளாக இருப்பாள். பெல் அடித்தால் காதைப் பொத்துவாள். மற்றப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் தினமும் அவள் காதருகே வந்து கத்துவார்கள். தாழ்ப்பாள் போட மாட்டாள், யாராவது கதவைத் திறப்பார்கள், சிரிப்பார்கள். ஒவ்வொன்றையும் நடந்துவிட்ட மாதிரியே விவரித்தார்.

“பயத்துக்கு ஒரு மாத்திரை வந்தா முதல் அட்டை உங்களுக்குத்தான்” என்றாள் மனைவி.

“நான் பயப்படலை. யோசிக்கிறேன்.”

“தரையைப் பாருங்க.”

பார்த்தார். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமை இரண்டு பாடங்களுக்கு நடுவில் காரை ஓரமாக விட்டுவிட்டு, பள்ளியின் கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றார். இடைவேளை. அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம் அருவி மாதிரி இருந்தது. ஒருவன் தண்ணீர் பாட்டிலை வாரைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே ஓடினான். அது யார் மண்டையிலும் படவில்லை என்பது மாஸ்டருக்கு ஆறுதலாக இல்லை. பட்டிருக்க வேண்டிய மண்டைகளை அவர் கண் எண்ணிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒரு சிறுமி தனியாக நின்று செங்கற்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. முகம் தெரியாததால் அது யாருடைய முகமாகவும் ஆகிவிட்டது.

வாட்ச்மேன் வந்து, எந்தக் குழந்தையோட அப்பா நீங்க என்று கேட்டார்.

“இன்னும் யாரோட அப்பாவும் இல்லை” என்று வாயில் வந்துவிட்டது. பிறகு எத்தனை விளக்கம் சொல்லியும் வாட்ச்மேனுடைய பார்வை மாறவில்லை. கார் நம்பரைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார்.

அந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாஸ்டரைவிட மூத்தவர், தலை நரைத்தவர். ‘வேலைக்கு வந்த நாள்லேருந்து நான் ஒண்ணாங்கிளாஸ்தான் மாஸ்டர், இன்னும் பாஸ் பண்ணலை’ என்று அவரே சொல்லிக்கொள்வார். கிளட்ச்சும் கியரும் அவருக்குச் சொன்னபடி கேட்டன. மாதக்கணக்கில் டெஸ்ட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று மாஸ்டரும் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன் சாயங்காலப் பாடத்தில் மாஸ்டர் மென்று விழுங்கி விஷயத்தைக் கேட்டார். இப்படி ஒரு குழந்தை, இப்படி ஒரு தேதி, சேர்க்கலாமா, நிறுத்தி வைக்கலாமா?

டீச்சர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் ரெடியான்னு நான் உங்களைக் கேக்கறேன். உங்க பொண்ணு ரெடியான்னு நீங்க என்னைக் கேக்கறீங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் பதில் சொல்லணும் மாஸ்டர்” என்றார். மாஸ்டர் இண்டிகேட்டர் போடச் சொல்லிப் பேச்சை மாற்றினார். டீச்சர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

வியாழக்கிழமை மருந்துக்கடையில் சரக்குக் கணக்கெடுப்பு என்று காலையிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். சாயங்காலங்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஊரில் இல்லை. பாடம் நடக்கும்போது காரில் குழந்தை கூடாது என்பது மாஸ்டரே எழுதி ஒட்டிய விதி. டீச்சரின் சாயங்காலப் பாடத்தை ரத்து செய்யத்தான் அவருக்குப் போன் செய்தார். அதற்கென்ன, கூட்டிக்கிட்டு வாங்க, நானும் பாத்த மாதிரி இருக்கும் என்றார் டீச்சர். எப்படிச் சரி என்று சொன்னோம் என்பது மாஸ்டருக்கே விளங்கவில்லை. ஜட்ஜம்மாவைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார். ‘மாட்டியாச்சுப்பா’ என்றாள் அவள்.

டீச்சர் நன்றாகவே ஓட்டினார். பெரிய சாலைக்கு வந்தார்கள். லாரிகள் வரும் சாலை. மாஸ்டரின் முதுகு முழுக்கக் கண் முளைத்து, எல்லாம் பின் இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்னால், ஓரமாக, சைக்கிளில் ஒருவர் பலகைக் கட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார். டீச்சர் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், மெதுவாக விலக ஆரம்பித்தார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.

சைக்கிள் ஒரு முறை ஆடியது. மாஸ்டரின் கால் இறங்கிவிட்டது.

கார் குலுங்கி நின்றது. என்ஜின் அணைந்தது. நட்ட நடுச் சாலை. அந்த நொடியில் பின்னாலிருந்து ஹாரன் எழுந்தது; எழுந்து, நீண்டு, பெரிதாகிக்கொண்டே வந்தது. டயர் தேயும் ஓலம். மாஸ்டர் திரும்பினார். பின் கண்ணாடியில் வானம் இல்லை, சாலை இல்லை, லாரியின் முகம் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே மகளின் சின்னத் தலை, காதுகளின் மேல் இரண்டு கைகள்.  மாஸ்டரின் கால் பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது, நின்றுவிட்ட வண்டியை இன்னும் நிறுத்துவதற்காக.

லாரி நின்றது. கையை நீட்டினால் தொடும் தூரம். டிரைவர் தலையை நீட்டி இரண்டு தலைமுறையைச் சேர்த்துத் திட்டினார். சைக்கிள்காரர் எதுவும் தெரியாமல் பலகைகளோடு போய்விட்டிருந்தார்.

“காலை எடுங்க மாஸ்டர்” என்றார் டீச்சர், முதல் வரிசைப் பிள்ளையிடம் சொல்வது போல. எடுத்தார். டீச்சர் என்ஜினைக் கிளப்பி, கண்ணாடி பார்த்து, ஓரம் கட்டி நிறுத்தினார்.  

பின்னாலிருந்து குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு, ஆனால் தீர்ப்பாகத்தான் வந்தது.

“டீச்சர் சைக்கிளைப் பாத்துட்டாங்கப்பா. லைட்டும் போட்டாங்க. நீங்கதான் நிறுத்திட்டீங்க.”

பிறகு ரொம்பச் சின்னக் குரலில், “சீட்டு ஈரமாயிடுச்சு” என்றாள்.

 டீச்சர் இறங்கிப் பின் கதவைத் திறந்து, பாவாடையைப் பார்த்தார். “அடடா, இவ்வளவுதானா? எங்க கிளாஸ்ல இது மழை மாதிரி. எப்ப வரும்னு சொல்ல முடியாது. அலமாரி நிறைய மாத்துத் துணி வெச்சிருக்கேன். நீல நிறம் வேணுமா, பச்சையா?”

ஜட்ஜம்மா யோசித்தாள். “யாராவது சிரிச்சா?”

“சிரிப்பாங்க. கொஞ்ச நேரம். அப்புறம் அவங்க முறை வரும்” என்றார் டீச்சர்.

இந்தப் பதில் மாஸ்டரைத் திடுக்கிட வைத்தது. சிரிக்க மாட்டார்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தார். மகளோ தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். “நீலம்” என்றாள்.

திரும்பி வரும் வழியில் மாஸ்டர் இரண்டு கால்களையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். வாழ்நாளில் அவ்வளவு பயந்து அவர் காரில் உட்கார்ந்ததே இல்லை. ஒவ்வொரு முனையிலும் உயிர் போய் வந்தது. டீச்சர் ஒழுங்காக ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். டெஸ்ட்டுக்கு நாள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாஸ்டர் சொன்னது டீச்சர் காதில் விழவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று இரவு சாப்பாட்டின்போது நடந்ததை ஒளிக்காமல் மனைவியிடம் சொன்னார். ஒளித்தும் பயனில்லை; பக்கத்திலேயே ஜட்ஜம்மா சாட்சி சொல்லக் காத்திருந்தாள். சொல்லி முடித்துவிட்டு, சேர்த்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றார்.

மனைவியின் முகம் பேய் அறைந்தது போல் ஆயிற்று. கை சோற்றிலேயே நின்றது. வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும் என்றாள். சின்னக் குழந்தை, ஹாரன் சத்தத்துக்கே நனைத்துவிட்டாள், பெல் அடித்தால் என்ன ஆவாள், தாழ்ப்பாள்கூடப் போடத் தெரியாது என்று, முந்தா நாள் வரை மாஸ்டர் சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் எடுத்து வைத்தாள். ஒரு வீட்டில் பயப்படுகிற வேலையை ஒருவர் பார்த்தால் போதும். இத்தனை வருடம் அதை மாஸ்டர் கவனித்துக்கொண்டதால் அவளுக்குத் தைரியசாலி என்று பெயர். அவர் ராஜினாமா செய்த மறு நிமிஷம் அந்த வேலை அவள் தலையில் விழுந்துவிட்டது.

“ஏங்க, நிஜமாவே உங்களுக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டாள். கேலி இல்லாமல் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

“இருக்கு. நேத்தைவிட அதிகமா.”

“அப்புறம் எந்தத் தைரியத்துல சொல்றீங்க?”

“தைரியம்லாம் இல்லை. இன்னிக்குப் பின்னாடி லாரி வந்ததே, அது நான் மிதிச்சதால வந்தது. சும்மா இருந்திருந்தா அவங்க பாட்டுக்குப் போயிருப்பாங்க. நிறுத்தினா பத்திரம்னு இத்தனை வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்.”

“ஸ்கூல்ல ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆகும்” என்றார் மாஸ்டர்.  “கண்டிப்பா ஏதாவது ஆகும். மாத்துத் துணி இருக்காம்.”

 வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். மாஸ்டர் இந்த வருஷமே என்றார். மனைவி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மகளின் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். வாசலில் வாட்ச்மேன் மாஸ்டரை அடையாளம் கண்டுகொண்டு ஒரு மாதிரி பார்த்தார். “இப்ப ஆயிட்டேன்” என்றார் மாஸ்டர்.

டீச்சர் டெஸ்ட்டில் தோற்றுப்போனார். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டார். போர்டில் எழுதியிருந்தது அன்றோடு பொய்யானது. முதலாளி பெயிண்டரைத் தேடினார். நாம் அவசரப்பட்டுத் தள்ளிவிட்டோம், மகள் விஷயத்திலும் டீச்சர் விஷயத்திலும் ஒரே தப்பைச் செய்துவிட்டோம் என்று மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. விடுமுறை முடிந்து பள்ளி திறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்பது போலப் போய் நின்றவரிடம், “பெயிலானா மறுபடி போகலாமாமே, இதை ஏன் இத்தனை நாளா நீங்க சொல்லவே இல்லை?” என்று கேட்டார் டீச்சர். அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

முதல் நாள். ஜட்ஜம்மா வாசல் வரை அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பெல் அடித்தது. இரண்டு கைகளும் காதுக்குப் போயின. அப்படியே, காதைப் பொத்தியபடியே உள்ளே நடந்தாள். அவளைவிடத் தலையளவு உயரமான பிள்ளைகளின் நடுவில் நீல ரிப்பன் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மாஸ்டர் நின்ற இடத்தில் வலது கால் நடைபாதைக் கல்லை அழுத்திக்கொண்டிருந்தது. கல் எங்கும் நகரவில்லை. குழந்தையும் நிற்கவில்லை.

அன்று அவர் பாடம் எடுத்த மூன்று பேரும், மாஸ்டர் வாயே திறக்கவில்லை என்று முதலாளியிடம் புகார் செய்தார்கள்.

பள்ளி விடும் நேரத்துக்கு வெகு முன்பே மாஸ்டரும் மனைவியும் கேட்டருகே வந்து நின்றார்கள். மனைவி வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். பெரியவர்கள், நடுத்தரம், பிறகு சின்னவர்கள். கூட்டம் வடிந்தது. கடைசியாக அவள் வந்தாள். மாஸ்டரின் கண் முகத்துக்குப் போகவில்லை, பாவாடைக்குப் போயிற்று. காலையில் போட்டு அனுப்பியது இல்லை. யாருடையதோ ஒரு நீலப் பாவாடை, கணுக்காலைத் தாண்டித் தரையில் புரண்டது. இடுப்பில் பெரிய ஊக்கு. கையில் முடிச்சுப் போட்ட ஒரு பை.

மனைவி அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. யார் சிரித்தார்கள், எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று மாஸ்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

ஜட்ஜம்மா நேராக வந்து பையை அம்மாவிடம் கொடுத்தாள். கண்கள் சிவந்திருந்தன. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தப் பாவாடையைத் துவைச்சுக் காயவெச்சுடணும்மா” என்றாள். “நாளைக்கு டீச்சர்கிட்டத் திருப்பிக் குடுக்கணும். இன்னொரு பொண்ணுக்கும் நீலம்தான் வேணுமாம்.”

“நாளைக்கா?” என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நாளைக்கு ஸ்கூல் இருக்கேப்பா” என்றாள்.